சூப்பர்ஹீரோ பிடிக்காதவரையும் சூப்பர்ஹீரோ தொடர் பார்க்க வைப்பது எது?

எடைக்கல்

வணக்கம். 8 எபிசோடு, ஒவ்வொன்றும் 40 முதல் 45 நிமிடம் என்ற கணக்கில் ஒரு சூப்பர்ஹீரோ தொடர் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் எபிசோடின் திரைக்கதை முழுசாக இருக்கிறது, மீதி ஏழுக்கும் சுருக்கம் இருக்கிறது. நாயகி லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக், வயது 34. தொட்ட பொருளின் எடையைக் கூட்டவும் குறைக்கவும் அவளால் முடியும்.

காமிக்ஸ் படிப்பவர்கள் ஒரே மூச்சில் படித்துவிட்டு அடுத்தது எங்கே என்கிறார்கள். மற்றவர்கள் இருபதாவது பக்கத்தைத் தாண்டவில்லை.

இப்போதைய அமைப்பு இது: சக்தி எப்படி வந்தது என்பது முதல் மூன்று எபிசோடில் விரிகிறது. முகத்தை முழுவதும் மூடும் கவசம் 2இல் வருகிறது. வில்லன் யார் என்பது 6இல். பின்னணியில் ஒரு ரகசிய அமைப்பு. 8இல் இணை உலகம் ஒன்று திறக்கிறது.

இந்த வகைக்கே புதியவரையும் பிடித்து வைக்க இதில் எதை மாற்ற வேண்டும்? "கதாபாத்திரம் முக்கியம்" மாதிரியான பொதுவான பதில் வேண்டாம். எந்த எபிசோடில், எந்த நிமிடத்தில், எதை என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

மூன்றாம் அங்கம்

நீங்கள் எழுதிய ஐந்தும் ரசிகர் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள். சக்தி எங்கிருந்து வந்தது, அமைப்பை நடத்துவது யார், அந்த உலகத்தில் என்ன இருக்கிறது. புதிதாக வருபவருக்கு இந்தக் கேள்விகளே எழாது. அவருக்குத் தெரிய வேண்டியது வேறு: இவளுக்கு என்ன வேண்டும், அது ஏன் கிடைக்கவில்லை, சக்தி வந்த பிறகு அது பக்கத்தில் வந்ததா, தள்ளிப் போனதா. இந்த மூன்றாவது கேள்வி ஒவ்வொரு வாரமும் உயிரோடு இருந்தால் அவர் உட்காருவார். சக்தியும் சங்கடமும் ஒரே காட்சியில் சேர்ந்து வர வேண்டும். ஒரு காட்சி சக்திக்கு, அடுத்தது குடும்பத்துக்கு என்று மாற்றி மாற்றி அடுக்கினால் இரண்டு கூட்டமும் பாதி நேரம் கைபேசியைப் பார்க்கும்.

1978 முதல் 1982 வரை அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் வந்த "தி இன்கிரெடிபிள் ஹல்க்" தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு எபிசோடில் பச்சை மனிதன் வழக்கமாக இரண்டு முறைதான் வருவான். மீதி நேரமெல்லாம், கோபம் வந்தால் அந்தப் பச்சை ஹல்க்காக மாறிவிடும் டேவிட் பேனர்தான், பில் பிக்ஸ்பி நடித்தது. புது ஊர், கிடைத்த வேலை, அங்கே யாரோ ஒருவருடைய கஷ்டம். எதிராளிகளும் பெரும்பாலும் சாதாரண ஆட்கள். ஹல்க் வந்தால் அந்த ஊர்க்காரருடைய பிரச்சினை தீரும், ஆனால் அதனாலேயே பேனர் அந்த ஊரை விட்டு ஓட வேண்டும். காமிக்ஸ் புத்தகத்தைத் தொடாதவர்களும் அந்தத் தொடரைப் பார்த்ததற்குக் காரணம் இந்த அமைப்புதான். ஜெயித்த அதே நிமிடத்தில் தோற்கிறார்.

சூப்பர்மேனின் இளமைக்கதையான "ஸ்மால்வில்" 2001இல் தொடங்கிப் பத்து சீசன் ஓடியது. பறப்பதும் கிடையாது, அந்த உடையும் கிடையாது என்பது தயாரிப்பாளர்கள் தொடக்கத்திலேயே வைத்துக்கொண்ட விதி. இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது, தனக்குப் பிரியமானவர்களிடமே பொய் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு பையன். அதற்கு மேல் லெக்ஸ் லூத்தரை நண்பனாக்கினார்கள். பின்னால் எதிரியாகப் போகிறவன் என்பது ரசிகருக்கு முன்பே தெரியும். தெரியாதவருக்கு அது ஒரு நட்பு கெட்டுப்போகும் கதை. ஒரே காட்சிக்குள் இரண்டு பேரும் இரண்டு கதவு வழியாக நுழைகிறார்கள்.

இனி உங்கள் கதைக்கு.

முதல் வேலை, சக்தியை மூன்று வரியில் எழுதுங்கள்: எது முடியும், எது முடியாது, என்ன விலை. இப்போது உங்களிடம் முதல் வரி மட்டும்தான் இருக்கிறது. இப்படி யோசித்துப் பாருங்கள். தொட்டுக்கொண்டிருக்கும் வரைதான் எடை மாறும், கையை எடுத்தால் பழையபடி ஆகிவிடும். உயிருள்ளவற்றின் எடையை மாற்ற முடியாது. குறைத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அவள் உடம்பில் ஏறும். 300 கிலோ மோட்டாரைப் பஞ்சாக்கித் தூக்கினால், கையில் பிடித்திருக்கும் வரை 30 கிலோ அவள் முழங்காலில் நிற்கும். பக்கத்திலிருப்பவருக்கு அவள் சும்மா மூச்சு வாங்குவதாகத் தெரியும், பார்வையாளருக்கு மட்டும் ஏனென்று தெரியும். இந்த மூன்றாவது வரியில்தான் தொடரே இருக்கிறது.

விதி எவ்வளவு எளிமையாக இருக்கலாம் என்பதற்கு 1966ஆம் ஆண்டு ஜப்பானியத் தொடரான "அல்ட்ராமேன்" போதும். பூமியில் அவனால் மூன்று நிமிடம்தான் தாக்குப்பிடிக்க முடியும். மார்பில் நீல விளக்கு, நேரம் தீரப்போனால் சிவந்து மினுக்கும். மொழி தெரியாத குழந்தைக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

பொதுவாகக் கெடுவது எங்கே என்றால், கடைசி எபிசோடில் திடீரென்று முளைக்கும் புதுத் திறமையில். ரசிகர் அதைக்கூட மன்னிப்பார், ஏதாவது காமிக்ஸ் இதழில் படித்திருப்பார். புதியவருக்கு அது ஏமாற்று வேலை. 8இல் அவளைக் காப்பாற்றப் போகிற உத்தி எதுவோ, அது 3க்குள் ஒருமுறை முயன்று தோற்றதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, முதல் பத்து நிமிடம். திரைக்கதையில் ஒரு பக்கம் சுமார் ஒரு நிமிடம். இருபதாவது பக்கத்தில் விட்டார்கள் என்றால் பாதி எபிசோடு பொறுத்திருக்கிறார்கள், அதுவே பெரிய மனசு. முதல் மூன்று நிமிடம் சக்தியே இல்லாமல் அவளை வேலையில் காட்டுங்கள். மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்ட், உள்ளே ஆள், அவள் அதை ஒழுங்கான முறையில் இறக்குகிறாள். கைத்திறன் உள்ள ஒருவரைப் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும், அதற்கு எந்த முன்கதையும் வேண்டாம். 3 முதல் 6க்குள் அவளுக்கு வேண்டிய ஒன்றை ஒரு மனிதர் மறுக்க வேண்டும். வில்லன் இல்லை, நியாயமான காரணமுள்ள ஒரு மனிதர். 6 முதல் 10க்குள் சக்தி ஒருமுறை வரட்டும், சின்ன அவசரத்துக்காக, கொஞ்சம் சுயநலத்தோடு. வந்து நிலைமையை இன்னும் மோசமாக்கட்டும்.

சக்தி வந்த கதைக்கு மூன்று எபிசோடு தேவையில்லை. 5இல் ஒரே ஒரு காட்சி, அதுவும் அவள் யாரிடமாவது சொல்லியே தீர வேண்டிய கட்டாயத்தில் சொல்வதாக. அதுவரை கேள்வியாக இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

பச்சைத்திரை

கதைப்பக்கம் மேலே வந்துவிட்டது, படமாக்கும் பக்கத்தைச் சொல்கிறேன். பரந்த கூட்டம் ஓடிப்போவதில் பாதி இங்கேதான் நடக்கிறது.

முகத்தை மூடும் கவசத்தைத் தூக்கிவிடுங்கள். குறைந்தபட்சம் கண்ணும் வாயும் வெளியே இருக்க வேண்டும். ஒரு நடிகையின் முகத்தை நம்பித் தொடர் எடுத்துவிட்டு முக்கியமான பத்து நிமிடத்தில் அந்த முகத்தை மறைப்பது எந்தக் கணக்கிலும் வராது. 2015இல் வந்த "டேர்டெவில்" முதல் சீசனில் 13 எபிசோடு. நாயகனின் அடையாளமான சிவப்பு உடை கடைசி எபிசோடில்தான் வருகிறது. அதுவரை கறுப்புத் துணியும் சாதாரண உடையும்தான். உடைக்காகக் காத்திருந்த ரசிகருக்கு அது பரிசு, மற்றவர்களுக்கு அது இல்லாமலே கதை நகர்ந்தது.

அடுத்தது செலவு. அமெரிக்கச் சேனல்களில் ஒரு மணி நேர நாடகத்துக்கு எட்டு நாள் படப்பிடிப்பு என்பது வழக்கமான கணக்கு. மூன்று நிமிடச் சண்டை அதில் எளிதாக இரண்டு நாளைத் தின்றுவிடும். ஆகவே எட்டு எபிசோடிலும் சமமாகப் பணத்தைத் தூவாதீர்கள். 1இலும் 8இலும் பெரிய காட்சி, 4இல் நடுத்தரமாக ஒன்று, மற்றவற்றில் கிராபிக்ஸ் இல்லாத சக்தி. உங்களுக்கு அதிர்ஷ்டம், எடை என்பது கிராபிக்ஸே கேட்காத சக்தி. கோப்பை மேசையை விட்டு வரவில்லையா? மேசைக்கு அடியிலிருந்து ஒரு திருகாணி. ஒருவரால் பையைத் தூக்க முடியவில்லையா? பைக்குள் நிஜமாகவே மணல் மூட்டை வையுங்கள், தோள்பட்டை தானாக நடிக்கும். காலிப் பெட்டியைக் கனமாகத் தூக்குவதுபோல நடிக்கச் சொன்னால் கழுத்து நரம்பு காட்டிக்கொடுத்துவிடும். அவள் சுலபமாகத் தூக்கும் பொருளை மட்டும் ஃபோமில் செய்து பெயின்ட் அடியுங்கள். ஃபோம் பொருளைக் கீழே வைக்கும் ஷாட் மட்டும் வேண்டாம், குதிக்கும். தூக்குவதோடு வெட்டிவிட்டு, வைக்கும்போது நிஜப் பொருளுக்கு மாறுங்கள்.

எடையைப் பாதி நம்ப வைப்பது ஒலிதான். எல்லோரும் "டும்" என்ற அடித்தொனியை மட்டும் போட்டுவிட்டுத் திருப்திப்படுவார்கள். கைபேசி ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக ஒன்றும் கேட்காது. அதனால் கூடவே நடுத்தொனியில் ஒன்று வேண்டும்: மரம் முனகுவது, அலமாரிக் கண்ணாடி அதிர்வது, தரை ஓடு விரிசல் விடுவது. தலைபோகிற காட்சிகளின் கலவையை ஒருமுறை கைபேசியில் போட்டுக் கேட்காமல் அனுப்பாதீர்கள்.

சக்தியைத் தலைகீழாகக் காட்டினாலும் வேலை செய்யும். 1970களின் "சிக்ஸ் மில்லியன் டாலர் மேன்" வேகத்தை ஸ்லோமோஷனில் காட்டியது. அந்தப் பாணி அப்படியே முத்திரையாகிவிட்டது. 1993இல் வந்த முதல் "பவர் ரேஞ்சர்ஸ்" இன்னும் ஒரு படி மேலே போய், சண்டைக் காட்சிகளைப் பெருமளவு முந்தைய ஆண்டு ஜப்பானியத் தொடரிலிருந்தே எடுத்து, முகமூடி இல்லாத காட்சிகளை மட்டும் புதிதாக எடுத்தது. இங்கே முகமூடி உதவியது, உள்ளே யார் என்று தெரியாதே! ஆனால் அது குழந்தைகளுக்கான தொடர், உங்கள் தேவை வேறு.

எதிர்ப்பக்க உதாரணம் 2017இன் "இன்ஹ்யூமன்ஸ்". முக்கியப் பாத்திரங்களில் ஒருத்தி மெடூசா, அவளுடைய சக்தியே உயிருள்ள கூந்தல். தொடக்கத்திலேயே அதை மழித்துவிட்டார்கள். காகிதத்தில் அது சோகம். திரையில், தொடர் காட்டுவதாகச் சொன்னதைக் கையோடு வாங்கிக்கொண்டது போலாயிற்று. நாயகர்களான அரச குடும்பத்தை நம்பச் சொல்லிவிட்டு, அந்த ஊரில் ஒரு கூட்டம் சுரங்க வேலைக்குத் தள்ளப்படுவதையும் காட்டினால் யார் பக்கம் நிற்பது? எட்டு எபிசோடோடு முடிந்தது. எடுக்க முடியாத சக்தியை முதலில் எழுதாதீர்கள்.

சண்டை பற்றி ஒரே ஒரு விஷயம். "டேர்டெவில்" இரண்டாவது எபிசோடின் நடைக்கூடச் சண்டையை எல்லோரும் ஒரே ஷாட் என்று புகழ்கிறார்கள். அது வேலை செய்ததற்குக் காரணம் ஷாட் இல்லை. கூடத்தின் கடைசியில் ஒரு சிறுவன் இருக்கிறான், நாயகன் அங்கே போயாக வேண்டும், நடுவில் களைத்துச் சுவரில் சாய்கிறான். போக வேண்டிய இடம், தூரம், தீர்ந்துகொண்டிருக்கும் தெம்பு. இந்த மூன்றும் தெரிந்தால் சண்டைப் பிரியர் அல்லாதவரும் பார்ப்பார். இருட்டில் எடுத்தால் கிராபிக்ஸ் குறை தெரியாது என்று நினைத்து எல்லாவற்றையும் கறுப்பாக்குகிறவர்கள் உண்டு. பகல் வெளிச்சத்தில் கைபேசியில் பார்ப்பவருக்குக் குறையும் தெரியாது, படமும் தெரியாது. ஃபிரேமுக்குள் குறைந்தது ஒரு விளக்காவது எரியட்டும்.

பழைய ஆன்டெனா

மேலே இரண்டு பேரும் நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள், ஆனாலும் ஒரு ஆட்சேபம். இப்படியே போனால் சூப்பர்ஹீரோ தொடரில் சூப்பர்ஹீரோவே இருக்கக் கூடாது என்று முடியும். வெட்கப்பட்டுக்கொண்டே எடுத்த சூப்பர்ஹீரோ தொடரை யாரும் ரசிப்பதில்லை. உடையை ஒளித்து, பெயரை ஒளித்து, சக்தி வரும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு... பார்ப்பவருக்கு எரிச்சல்தான் வரும். "ஸ்மால்வில்" விதி பத்து வருடம் தாங்கியது, ஏனென்றால் அந்தப் பையன் நாளைக்கு யாராகப் போகிறான் என்று உலகத்துக்கே தெரியும். உங்கள் மெக்கானிக்கை யாருக்கும் தெரியாது. அவளிடம் சக்தி இருப்பது ஜாலியான விஷயமும்கூட என்று முதல் எபிசோடிலேயே ஒருமுறை காட்டியாக வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் ஒரு பீரோவை ஒற்றை விரலில் நகர்த்திப் பார்த்துச் சிரிக்கட்டும். பத்து வினாடி போதும்.

பரந்த கூட்டத்தைப் பிடிக்கும் வழிகளில் எனக்குப் பிடித்தது இரட்டை அடுக்கு. 1966 ஜனவரியில் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் தொடங்கிய "பேட்மேன்" வாரத்துக்கு இரண்டு இரவு வந்தது, முதல் இரவு ஆபத்தில் நிறுத்தி மறுநாள் முடிப்பார்கள். குழந்தைகளுக்கு அது நிஜமான ஆபத்து. பெரியவர்களுக்கு அது நகைச்சுவை. இரண்டும் சேர்ந்ததற்கு ஒரே காரணம், பேட்மேனாக நடித்த ஆடம் வெஸ்ட் ஒருமுறைகூடக் கண்ணடிக்கவில்லை. எவ்வளவு அபத்தமான வசனத்தையும் தீர்ப்பு வாசிக்கும் முகத்தோடு சொன்னார். நடிகர் தானே சிரித்துவிட்டால் குழந்தைகள் போய்விடுவார்கள், அவர்கள் பின்னாலேயே பெரியவர்களும்.

1997இல் தூர்தர்ஷனில் தொடங்கிய "சக்திமான்" தொடரிலும் இதே தையல்தான். சக்திமானின் கோமாளி வேஷமான கங்காதர் வந்தால் வீட்டிலுள்ள எல்லோரும் சிரிப்பார்கள், சக்திமான் வந்தால் சிரிப்பு நின்றுவிடும். இரண்டு வேஷத்திலும் நடித்த முகேஷ் கன்னா அவற்றைக் கலக்கவில்லை. சிரிப்பு ஆளின் மேல் இருக்கலாம், ஆபத்தின் மேல் இருக்கக் கூடாது. இப்போது வரும் பல தொடர்கள் இதைத்தான் தவறவிடுகின்றன: ஒருவர் செத்து முப்பது வினாடி ஆவதற்குள் ஒரு ஜோக். அந்த ஜோக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடுத்த சாவுக்கு யாரும் பயப்படமாட்டார்கள்.

"பரந்த" என்றால் "எல்லா வயதும்" என்று வைத்துக்கொள்ளாதீர்கள். "தி பாய்ஸ்" குழந்தைகள் பக்கமே வரக் கூடாத தொடர், ஆனால் காமிக்ஸ் வாசனையே இல்லாத பெரியவர்கள் கூட்டமாகப் பார்க்கிறார்கள். அங்கே சக்தி என்பது ஒரு நிறுவனத்தின் சரக்கு, ஹோம்லேண்டர் அந்த நிறுவனத்தின் விளம்பர முகம். விளம்பரம், பங்குச் சந்தை, பிம்பத்தைக் காப்பாற்றும் ஊழியர்கள் எல்லாம் எவருக்கும் தெரிந்த உலகம். எந்த வயதுக்கு என்று முதலில் முடிவெடுங்கள். 3 வரை குடும்பத் தொடராக இருந்துவிட்டு 4இல் கையை வெட்டினால் இரண்டு பக்கமும் இழப்பு.

எடைக்கல்

மூவருக்கும் நன்றி. கவசம் போயிற்று, பீரோ வந்தாயிற்று. விலை விதி மிகவும் பிடித்திருக்கிறது. இன்னும் மூன்று சந்தேகம்.

வில்லனை 6 வரை மறைப்பதுதான் மர்மம் என்று நினைத்தேன். முன்னாலேயே காட்டினால் சஸ்பென்ஸ் போய்விடாதா? ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதையாக முடிய வேண்டுமா, ஒரே நீளக்கதையாகப் போகலாமா? ரகசிய அமைப்பும் இணை உலகமும் அடுத்த சீசனுக்கான விதை, அவற்றை எவ்வளவு விடலாம்?

வெட்டுமேசை

வில்லன் பெயரை மறைக்கலாம், முகத்தை மறைக்கலாம், அவனால் வரும் சேதத்தை மறைக்கக் கூடாது. "ஜெசிகா ஜோன்ஸ்" முதல் எபிசோடில் வில்லன் கில்கிரேவ் என்ன செய்யக்கூடியவன் என்பது கடைசி நிமிடத்தில் ஒரு லிஃப்ட்டுக்குள் நடக்கிறது. இத்தனைக்கும் அவனுடைய சக்தி பேச்சு மட்டும்தான், கிராபிக்ஸ் செலவு பூஜ்யம். அவன் சொன்னால் கேட்டவர் செய்தாக வேண்டும். அடக்கி ஆளும் ஒருவரிடமிருந்து தப்பியவரின் பயம் எவருக்கும் புரியும், சூப்பர்ஹீரோ அகராதி தேவையில்லை. "டேர்டெவில்" தொடரில் வில்லனான வில்சன் ஃபிஸ்க் என்ற பெயரைச் சொல்லவே ஆட்கள் நடுங்குகிறார்கள், ஆள் மூன்றாவது எபிசோடின் கடைசியில்தான் தெரிகிறான், அதுவும் ஓவியக்கூடத்தில் ஒரு வெள்ளைப் படத்தின் முன்னால் தனியாக. 2014இல் தொடங்கிய "தி ஃப்ளாஷ்" இன்னும் துணிச்சல்: நாயகனின் வழிகாட்டியாக வேஷம் போடும் வில்லன், முதல் எபிசோடின் முடிவிலேயே சக்கர நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிறார். நாயகனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். 23 எபிசோடு அந்த ஒரு காட்சியின் தெம்பில் ஓடியது. ஆக, சஸ்பென்ஸ் போகாது, "யார்" என்பதிலிருந்து "எப்போது தெரியப்போகிறது" என்பதற்கு மாறும். எட்டு எபிசோடில் 6 என்பது மிகத் தாமதம். சேதம் 1இல், முகம் 2 அல்லது 3இல், அவன் பக்க நியாயம் 5இல்.

அந்த நியாயத்தைக் கோட்டைவிடாதீர்கள். 1992 "பேட்மேன்" அனிமேஷன் தொடர் மிஸ்டர் ஃப்ரீஸ் என்ற வில்லனை எடுத்து, உறைநிலையில் கிடக்கும் மனைவிக்காகத் தவிக்கும் மனிதனாக மாற்றியது. இருபத்திரண்டு நிமிடத்தில் முடிந்த வேலை அது. அதன்பிறகு காமிக்ஸே அந்தக் கதையை எடுத்துக்கொண்டது.

வில்லனை வேகமாகச் செலவழிப்பதும் ஆபத்து. 2016இன் "லூக் கேஜ்" முதல் சீசனில் வில்லன் காட்டன்மவுத் ஏழாவது எபிசோடில் சாகிறான். அவனிடம் இருந்த ஈர்ப்பு அடுத்து வந்தவனிடம் இல்லை. 13 எபிசோடில் பின்பாதி அதனால்தான் தொய்கிறது.

எபிசோடு அமைப்பு. எனக்குத் தெரிந்து நன்றாக ஓடுவது, சின்னப் பிரச்சினை ஒன்று அந்த எபிசோடிலேயே முடிவதும், பெரிய பிரச்சினை ஒரு படி நகர்வதும். 42 நிமிடத்துக்கு 28 காட்சி என்று வைத்தால் 15 அன்றைய பிரச்சினைக்கு, 8 சீசன் கதைக்கு, 5 அவளுடைய வீட்டுக்கு. வீட்டுக்கான ஐந்தைத்தான் எடிட்டில் முதலில் வெட்டத் தோன்றும். வெட்டினால் புதியவர்கள் போவார்கள். வேறு எங்காவது வெட்டுங்கள், பெரும்பாலும் ஒரே தகவலை இரண்டு பேர் இரண்டு முறை பேசிக்கொண்டிருப்பார்கள்.

4க்கும் 6க்கும் நடுவில் பார்வைக் கோணத்தை ஒருமுறை மாற்றுங்கள். "வாண்டாவிஷன்" ஒன்பது எபிசோடில் முதல் மூன்றும் பழைய சிட்காம் (வீட்டு நகைச்சுவைத் தொடர்) வேஷத்தில் போய், நான்காவதில் வெளியே இருப்பவர்கள் கண்ணில் அதே சம்பவங்களைக் காட்டுகிறது. 2019 "வாட்ச்மென்" ஆறாவதில் கறுப்பு வெள்ளைக்குப் போய் ஒரு முதியவரின் இளமைக்குள் நுழைகிறது. இரண்டுமே அதுவரை சேர்ந்த கேள்விகளுக்குக் கணிசமான பதில் தந்தன. பதில் தராத கோண மாற்றம் வெறும் ஜம்பம்.

"முன்கதைச் சுருக்கம்" 45 வினாடியைத் தாண்டக் கூடாது, இன்றைய எபிசோடுக்குத் தேவையானது மட்டும் இருக்க வேண்டும். நிறைய பேர் போன வாரத்தின் சிறந்த ஷாட்களை அடுக்குகிறார்கள்.

ரகசிய அமைப்பு விஷயத்தில் "ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்" பாடம். 2013இல் தொடங்கியது. 2014 ஏப்ரலில் வந்த திரைப்படம் ஒன்றில்தான் ஷீல்ட் என்ற அந்த ரகசிய அமைப்பு உள்ளேயிருந்து உடைகிறது. அதுவரை பதினாறு எபிசோடு தொடர் காத்திருக்க வேண்டியதாயிற்று. திருப்பம் வந்தபின் தொடர் வேகம் பிடித்தது, ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் எழுந்து போயிருந்தார்கள். இன்னொரு படைப்பைப் பார்த்தால்தான் புரியும், அடுத்த சீசன் வந்தால்தான் புரியும் என்ற இரண்டும் ஒரே தப்பு.

படமாக்குவதற்கு முன் இந்தச் சோதனை செய்து பாருங்கள். சூப்பர்ஹீரோ பக்கம் போகாத ஐந்து பேரிடம் முதல் எபிசோடை வாசித்துக் காட்டுங்கள், நடிகர்களை வைத்து வாசித்தால் இன்னும் நல்லது. கைபேசியை எடுக்கும் நிமிடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் "பிடித்ததா" என்று கேட்காதீர்கள், மரியாதைக்குப் பிடித்தது என்பார்கள். அவளுக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார்கள், அவளால் எது முடியாது என்று மூன்று கேள்வி. மூன்றாவதுக்கு மூன்று பேராவது சரியாகச் சொல்லவில்லை என்றால் விலை விதி திரைக்கு வரவில்லை, உங்கள் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. ஒரே பக்கத்தில் இரண்டு பேர் கைபேசி எடுத்தால் அந்தப் பக்கத்தில் அநேகமாக யாரோ எதையோ விளக்கிக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாம் அங்கம்

வெட்டுமேசை சொன்ன 15-8-5 கணக்கு 20 எபிசோடுக்கு மேல் ஓடும் தொடருக்கு அருமை. 8 எபிசோடுக்கு நான் 12-10-6 வைப்பேன். வாரம் ஒரு பிரச்சினை என்று ஏழு தடவை வந்தால் சீசன் கதை மூச்சுத் திணறும். 2, 3, 4 மூன்றிலும் அன்றன்று முடியும் பிரச்சினை இருக்கட்டும், 5க்குப் பிறகு அவையெல்லாம் ஒரே ஆளிடமிருந்து வந்தவை என்று கட்டிவிடுங்கள்.

வெட்டுமேசை

ஒத்துக்கொள்கிறேன், 2 முதல் 4 வரை என்றால் சரிதான். ஒரு நிபந்தனை: அந்த மூன்றும் வெவ்வேறு ஆட்களின் பிரச்சினையாக இருக்க வேண்டும், ஒரே மாதிரி மூன்று திருடர்கள் வேண்டாம்.

பழைய ஆன்டெனா

வெளியீடு பற்றி யாரும் சொல்லவில்லை. முடிவு தொடரை வெளியிடும் ஓடிடி தளத்தின் கையில்தான், ஆனாலும் எழுதும்போதே நினைவில் வையுங்கள். "தி பாய்ஸ்" 2019இல் எட்டையும் ஒரே நாளில் விட்டது, அடுத்த ஆண்டு மூன்றை முதலில் விட்டு மீதியை வாரம் ஒன்றாக்கியது. "வாண்டாவிஷன்" முதல் நாளில் இரண்டு. அந்த மெதுவான சிட்காம் தொடக்கத்துக்கு ஒன்று மட்டும் போதாது. 1இன் முடிவில் எழும் கேள்விக்கு 2இல் பதில் இருந்தால் இரண்டையும் சேர்த்து விடக் கேளுங்கள். வாரம் ஒன்று என்றால் ஒவ்வொரு எபிசோடின் கடைசி ஷாட்டிலும் ஒரு ஆள் ஒரு முடிவெடுக்க வேண்டும். ஒரே நாளில் என்றால் அந்த அவசியம் குறைவு.

எடைக்கல்

இணை உலகத்தை மட்டும் விட மனசு வரவில்லை. 8இன் கடைசி இரண்டு நிமிடம்தான்.

மூன்றாம் அங்கம்

அந்த இரண்டு நிமிடத்துக்காக, சக்தி அங்கிருந்து வந்தது என்று 5இல் சூசகம் வைக்க வேண்டும். அதற்கு 3இல் ஒரு ஆராய்ச்சிக்கூடம், அதற்கு 2இல் அமைப்பின் ஆள் ஒருவர். எண்ணிப் பாருங்கள், இருபது நிமிடம் போகும். பேட்மேனின் எதிரி ஒருவனைப் பற்றிய 2024இன் "தி பென்குயின்" எட்டு எபிசோடு, பேட்மேன் ஒரு காட்சியில்கூட ஆளாக வருவதில்லை. ஒரு குற்றக் குடும்பத்தின் வாரிசுச் சண்டையாகவே பார்த்துவிட்டுப் போகலாம்.

அமைப்பை வைத்தே தீர வேண்டும் என்றால் அதை ஒரு ஆளாகச் சுருக்குங்கள். அவளுடைய லிஃப்ட் நிறுவனத்துக்குப் பாதுகாப்புச் சோதனைக்கு வரும் ஒரு ஆய்வாளர் போதும். அவர் கணக்கில் எடை பொருந்தவில்லை: 800 கிலோவுக்கு மேல் ஏற்றினால் நகரக் கூடாத லிஃப்ட், பதிவேட்டில் 1,100 கிலோவோடு ஏறியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ரகசிய அமைப்பு எதுவும் வேண்டாம், தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் போதும். 2இல் அவர் அந்த எண்ணைப் பார்க்கட்டும், 4இல் அவளிடம் கேட்கட்டும், 7இல் அவர் பொய்க் கையெழுத்துப் போடுவாரா மாட்டாரா என்பதில் அவள் தப்பிப்பது நிற்கட்டும். 8இன் கடைசியில் அடுத்த சீசனுக்கு விதை வேண்டுமென்றால், வேறொரு கட்டிடத்தின் பதிவேட்டிலும் அதேபோல ஒரு எண். அந்தக் கட்டிடத்தில் அவள் வேலை பார்த்ததே இல்லை.